ஜன்னலுக்குக் கதவு இருக்கிறதா? ஈராசிரியர் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பு அமைத்த அனுபவம்

தொடக்கப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பு அமைக்கப்போகிறோம், என்ன புரொஜெக்டர் வாங்கலாம் என்று சக ஆசிரியர்கள் யாராவது தொலைபேசியில் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் வகுப்பறை ஜன்னலுக்குக் கதவு இருக்கிறதா? மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது. 2023இல் என்னிடம் இப்படிக் கேட்க ஆள் இல்லை. இருந்திருந்தால் என் சொந்தப் பணம் 30,400 ரூபாயும், ஒரு கல்வியாண்டின் மாலைப்பொழுதுகளில் பாதியும் மிச்சமாகியிருக்கும். பள்ளிக்கு நல்லது செய்கிறோம் என்று இறங்கிவிட்டு, நடுவில் யாரிடமும் சொல்லவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் தவித்த தவிப்பு தனிக் கணக்கு.

அப்போது நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வகுப்புகளை உதவி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நான்கும் ஐந்தும் என்னிடம். அதோடு எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, செயலியில் வருகை, சத்துணவுக் கணக்கு, வட்டார அளவிலான கூட்டங்கள் என்று தலைமை ஆசிரியர் வேலைகள் வேறு. பக்கத்து ஊரில் ஒரு தனியார் நர்சரி பள்ளி வந்து, அதன் மஞ்சள் வேன் எங்கள் தெருவுக்குள்ளும் நுழையத் தொடங்கியது. எங்களிடம் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைகள் டையும் ஷூவுமாக எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஒரு தாயிடம் ஏனம்மா என்று கேட்டேன். "அங்கே டி.வி.யில் பாடம் நடத்துகிறார்களாம் டீச்சர்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அன்றிரவே முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து 40,000 ரூபாய் அனுப்பினார்கள். ஊரில் 10,000 திரண்டது.

பணம் வந்த செய்தி எப்படித்தான் பரவியதோ, அந்த வாரமே விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். ஸ்மார்ட் கிளாஸ் பேக்கேஜ், 68,000 ரூபாய். புரொஜெக்டர், சுருட்டி வைக்கும் திரை, பழுதுபார்த்துப் புதுப்பித்த ஒரு லேப்டாப், ஐந்து வகுப்புகளுக்குமான பாடங்கள் அடங்கிய ஹார்டு டிஸ்க், எல்லாம் சேர்த்து. "மேடம், மாட்டி ஸ்விட்சைப் போட்டால் போதும், பாடம் தானாக நடக்கும்" என்றார். செய்து காட்டச் சொன்னோம். காட்டினார், மாலை ஆறு மணிக்கு, அலுவலக அறையில். சுவரில் சிங்கம் கர்ஜித்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி கைதட்டினார். குறைந்த 18,000 ரூபாயை நான் போட்டேன். ஆகவே முதல் எச்சரிக்கை: மாலையில் காட்டும் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள். காலை பதினொரு மணி வெயிலில், எந்த அறையில் மாட்டப்போகிறீர்களோ அதே அறையில், பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, எழுத்து உள்ள ஒரு பக்கத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிங்கம் எல்லா வெளிச்சத்திலும் சிங்கமாகத்தான் தெரியும். எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்.

எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது மெய்யெழுத்தின் புள்ளி. வகுப்பில் முதன்முதலாகப் போட்ட பாடத்தில் 'கல்', 'கால்', 'பால்' என்று சொற்கள் வந்தன. முன்வரிசைப் பிள்ளைகள் வாசித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, தெளிவாக, நம்பிக்கையோடு, "கல, கால, பால" என்றாள். அவள் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அங்கிருந்து புள்ளியே தெரியவில்லை. ன, ண வேறுபாடும் சுழி கரைந்து ஒன்றாகிவிட்டது. பெட்டியில் 9,000 லூமென்ஸ், 1080 தெளிவு என்றெல்லாம் அச்சிட்டிருந்தது. இரண்டுக்கும் உள்ள சூட்சுமம் பிறகுதான் புரிந்தது. வெளிச்சத்தின் அளவை வெறும் லூமென்ஸ் என்று போடுவதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. யாரும் எதையும் அச்சிடலாம். முறைப்படி அளந்த வெளிச்சத்தை 'ஆன்சி லூமென்ஸ்' என்று குறிப்பார்கள். விலை குறைந்த எல்.இ.டி. புரொஜெக்டர்கள் பலவற்றில் அது சில நூறுகளைத் தாண்டாது. வெளிச்சமுள்ள வகுப்பறைக்கு ஏறக்குறைய 3,000 ஆன்சி லூமென்ஸ் வேண்டும். அதேபோல் '1080 ஆதரிக்கும்' என்றால் அந்த வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். சுவரில் விழும் படம் அதன் சொந்தத் தெளிவில், பல நேரம் 480 அளவில்தான் இருக்கும். விற்கிறவரிடம் 'நேட்டிவ் ரெசொல்யூஷன் என்ன, ஆன்சி லூமென்ஸ் எவ்வளவு' என்ற இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அறையை இருட்டாக்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். எங்கள் ஓட்டுக் கட்டடத்தில் ஜன்னல் என்பது சிமென்ட் ஜாலி. மூடுவதற்குக் கதவே கிடையாது. கறுப்புத் துணி வாங்கித் தைத்துக் கம்பியில் தொங்கவிட்டேன், 3,200 ரூபாய். படம் ஓரளவு தெரிந்தது. ஆனால் காற்று நின்றுவிட்டது. சித்திரை வெயிலை விடுங்கள், புரட்டாசியிலேயே பிள்ளைகள் சட்டையை இழுத்து இழுத்து ஊதிக்கொண்டார்கள். மின்விசிறியை வேகமாக வைத்தால் துணி பறந்து வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. மெதுவாக வைத்தால் வேர்த்துக் கொட்டியது. காலை உணவோ மதிய உணவோ சாப்பிட்ட வயிற்றோடு இருட்டில் உட்கார்ந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? தூங்கியது. நானாக இருந்தாலும் தூங்கியிருப்பேன்.

அடுத்தது மின்சாரம். இதில் பணத்தைவிடப் பயம்தான் பெரிது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு. உதவி ஆசிரியரும் அதையே சொன்னார். பக்கத்து ஊர் வயர்மேன் ஒருவரைக் கூட்டிவந்தேன். பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்று துளை இருந்தது. மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் கொடுக்காமலேயே கட்டடத்தை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்ததோ! எர்த் குழி வெட்டி, தனி லைன் இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் ஒன்றும் மாட்ட 4,500 ரூபாய் ஆயிற்று. அதற்குள் மின்னழுத்தம் ஏறி இறங்கி லேப்டாப் சார்ஜர் போய்விட்டது, அது 1,900. எந்தக் கருவி வாங்குவதற்கும் முன்னால் வயர்மேனை வரவழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கருவி வாங்காவிட்டாலும் பாருங்கள். ஈரக் கையோடு பிள்ளைகள் நடமாடும் இடம் அது. இந்த ஒரு செலவை மட்டும் நான் இன்றுவரை நட்டத்தில் எழுதவில்லை.

கோடை விடுமுறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மே முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அறையில் மனிதர்கள் இல்லை என்றதும் மற்றவர்கள் குடிவந்துவிடுவார்கள். ஜூனில் திறந்தபோது புரொஜெக்டரில் கேபிள் சொருகும் எச்.டி.எம்.ஐ. துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. விசிறித் துளையில் சாக்பீஸ் தூளும் ஒட்டடையும். ஊசியால் நோண்டக் கூடாது, உள்ளே இருக்கும் பின்கள் வளைந்துவிடும். விடுமுறைக்கு முன்பே துளைகளில் செல்லோடேப் ஒட்டி, துணிப்பையில் கட்டி, பீரோவில் வைத்துவிடுவதே நல்லது.

இனி பாடங்கள். ஹார்டு டிஸ்க்கில் இருந்தது நம் பாடநூல் இல்லை. வேறொரு பாடத்திட்டத்துக்காக எடுத்த அசைவூட்டப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். நம் தொடக்க வகுப்புகளில் பாடநூல் மூன்று பருவங்களாகப் பிரிந்து வரும். அந்த வரிசைக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. முதல் பருவத்தில் நான் நடத்தும் ஒன்றைத் தேட வேண்டியிருந்த இடம் அவர்களுடைய பதினோராம் பாடம். அந்தத் தமிழோ, "வாருங்கள் குழந்தைகளே, நாம் இப்போது கற்றுக்கொள்வோமா" என்று எல்லா வாக்கியமும் ஒரே ராகத்தில் முடியும். பிள்ளைகள் சில நாளிலேயே அதைப் பேசிக்காட்டிச் சிரிக்கத் தொடங்கினார்கள். அது ஒன்றுதான் அதன் பயன். இன்னொரு வெடி ஓராண்டு கழித்து வெடித்தது. உரிமக் காலம் முடிந்துவிட்டது என்று திரையில் ஒரு பெட்டி வந்து பூட்டிக்கொண்டது. புதுப்பிக்க 12,000 ரூபாய். விற்றவர் இதை வாயால் சொல்லவே இல்லை. ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது. விற்ற நிறுவனத்தோடு தொலைபேசியில் மல்லுக்கட்டி ஓய்ந்தேன். பாடங்களுக்கென்று பணம் கேட்டால், உரிமம் எத்தனை ஆண்டு, முடிந்த பிறகு படங்கள் திறக்குமா, மாநிலப் பாடநூலின் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். அதற்கு முன், பணமே கொடுக்காமல் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நிறையவே கிடைக்கிறது. 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியதிலிருந்தே பக்கங்களில் க்யூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் அதைத் திறந்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். சில கோடுகள் ஒன்றையும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. என் கைக்கு மிகவும் உதவியது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இலவசக் கதைத் தளம். தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக நான்கு படிகளில் இருக்கும். பொது உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கலாம், அச்சிடலாம், திரையிலும் போடலாம், யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கணக்குக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள், அதாவது திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் மாதிரிகள், இருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஒரே கோப்பாக இறக்கிவைத்துக்கொண்டு இணையம் இல்லாமலேயே ஓட்டலாம்.

'இணையம் இல்லாமல்' என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாம் ஓடியது. கிணற்றடியில் நாலு கோடு சிக்னல் வரும், வகுப்பறையில் ஒன்று. வட்டம் சுற்றத் தொடங்கினால், அந்த அரை நிமிடத்தில் பிள்ளைகளின் கவனம் கலைந்து, அதைத் திரும்பச் சேர்க்க ஐந்து நிமிடம் போகும். அதைவிட மோசம் விளம்பரம். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பாடல் ஒன்றுக்காக யூடியூபைத் திறந்தேன். பாடலுக்கு முன்னால் ஒருவர் வந்து ரம்மி விளையாடச் சொல்லிக் கூப்பிட்டார். ஓடிப்போய் நிறுத்துவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. மறுநாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் நேற்றுப் படித்த பாட்டைச் சொல்லு தம்பி என்றேன். அவன் பாட்டைச் சொல்லவில்லை. ரம்மி விளம்பரத்தை, இறுதியில் வேகமாகச் சொல்லும் எச்சரிக்கை வரை, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான். அன்று வீட்டுக்குப் போகும்வரை எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. அதன்பின் நேரலையில் எதையும் திறப்பதில்லை என்று முடிவு. திக்‌ஷாவிலேயே பதிவிறக்கும் வசதி இருக்கிறது. சிக்னல் உள்ள இடத்தில் முந்தைய மாலையே இறக்கி, முதலிலிருந்து கடைசி வரை நாமே ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். தவிர்க்கவே முடியாமல் யூடியூப் என்றால், படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், திரைக்கு முன்னாலிருந்து நகராதீர்கள்.

சக ஆசிரியர்கள் அன்போடு பகிரும் பி.பி.டி. கோப்புகளில் இன்னொரு தொல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருப்பார்கள். நம் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எல்லாக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடு முறையை 2010லேயே தமிழ்நாடு அரசு ஏற்றாயிற்று, நம்மவர்கள் விடுவதாக இல்லை. அனுப்புகிறவரிடம் பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பச் சொன்னால் தீர்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியவை. பணத்தால் ஆகாத ஒன்று இருந்தது. அதைத்தான் எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. இந்தப் பேக்கேஜ்கள் எல்லாமே ஒரு வகுப்புக்கு ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்று எண்ணிக்கொண்டு செய்தவை. எங்களுடையது ஒரே நீள அறையில் மூன்று வகுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டப்படி அந்த மூன்றுக்குள்ளும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள் வேறு. கரும்பலகையில் எழுதினால் ஒரு குழு மட்டும் பார்க்கும், மற்றவை தம் வேலையைச் செய்யும். திரையில் சத்தத்தோடு படம் ஓடினால் அறை முழுவதும் அதற்கு அடிமை. மூன்றாம் வகுப்புக்குப் போட்ட படத்தை ஒன்றாம் வகுப்பும் வாயைப் பிளந்து பார்க்கும். புரியாது, ஆனால் கண்ணை எடுக்காது. கையில் இருந்த 'அ' வரைதல் அப்படியே நிற்கும். பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. தொடக்கப் பள்ளி வகுப்பறை வாயடைத்து உட்கார்ந்திருந்தால் அங்கே ஏதோ நின்றுபோய்விட்டது என்றுதான் பொருள். பெரிய ஒலிபெருக்கி வேண்டும் என்று 2,800 ரூபாய்க்கு நான் வாங்கிவைத்தது நிலைமையை இன்னும் கெடுத்தது.

வழி கிடைத்தது ஒரு மின்கோளாறில். ஒலிபெருக்கி வேலை செய்யாத ஒரு நாள், என் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய 32 அங்குல டி.வி.யில் வண்ணத்துப்பூச்சியின் வளர்ச்சிப் படத்தை ஊமையாகவே ஓடவிட்டேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீங்களே கதை சொல்லுங்கள் என்றேன். முட்டை, புழு வரை எல்லாரும் கத்தினார்கள். புழு இலையைக் கடிக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஆடு மேய்க்கப் போகிற பையன் ஒருவன், வகுப்பில் வாய் திறக்காதவன், "டீச்சர், இது எங்கள் கொல்லை எருக்கஞ்செடியில் இருக்கிறது, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும்" என்றான். அவன் சொன்னது சரி. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி எருக்கில் முட்டையிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று சொல்லி, மறுநாள் நானே கூடப் போய் இலையோடு ஒரு புழுவைக் கொண்டுவந்தோம். ஃபோன் கேமராவை அதன்மேல் பிடித்து, அந்தக் காட்சியை டி.வி.க்கு அனுப்பினேன். விரல் நீளம்கூட இல்லாத புழு திரை முழுக்க நெளிந்தது. அது இலையின் ஓரத்தை மேலிருந்து கீழாக, மறுபடி மேலிருந்து கீழாக, தையல் போடுவதுபோல் கடித்துக்கொண்டே வந்தது. சத்தம் கிடையாது. ஒன்றாம் வகுப்புகூட எழுந்து வந்து நின்றது. இந்த முறை நான் தடுக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப்பின் எங்கள் பழக்கம் இப்படியானது. படம் என்றால் ஐந்து நிமிடத்துக்குள், பெரும்பாலும் ஊமையாக, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி. கதை என்றால் ஸ்டோரிவீவர் பக்கங்களைத் திரையில் போட்டு, நான் வாசிக்காமல் பிள்ளைகள் வாசிப்பது. மற்ற நேரமெல்லாம் ஃபோன் கேமராதான். ஒரு பிள்ளை வகுத்தல் போட்ட நோட்டை அப்படியே திரையில் காட்டி, எந்தப் படியில் என்ன செய்தாய் என்று அவளையே விளக்கச் சொல்வது. செம்பருத்தியின் மகரந்தம், நாணயத்தின் பின்புறம், மண்ணின் துகள். இதற்கு எந்த உரிமமும் இல்லை, எந்தப் பாடத்திட்டமும் வேண்டாம். ஆனால் இணைப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா ஃபோனும் கேபிள் வழியாக டி.வி.க்குப் படம் அனுப்பாது, விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. கேபிள் வாங்கும் முன் உங்கள் ஃபோனைக் கடைக்கே கொண்டுபோய்ச் சொருகிப் பார்த்துவிடுங்கள். ஃபோன் திரையைக் கம்பியில்லாமல் காட்டும் 'ஸ்கிரீன் மிரரிங்' வசதி டி.வி.யில் இருந்தால் கேபிளே வேண்டாம்.

2024 வாக்கில் நிலைமை மாறத் தொடங்கியது. 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு அரசு கைக்கணினி கொடுத்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள், பள்ளிகளுக்கு இணைய இணைப்பு என்று அறிவிப்புகள் நடைமுறைக்கு வந்தன. என் 68,000 ரூபாய் சாமான் பழம்பொருளானது. வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். நன்கொடை கொடுத்த பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வரும். ஆகவே ஊரில் பணம் திரட்டும் முன், உங்கள் பள்ளிக்கு அரசிடமிருந்து என்ன வரப்போகிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியமும் இருக்கிறது: முப்பது பிள்ளைகள் வரை 10,000, நூறு வரை 25,000 ரூபாய். சுகாதாரச் செலவு போக மீதியில் எர்த் வேலையைச் செய்துவிடலாம். நான் கைக்காசைப் போட்டது தேவையே இல்லாத வீரம்.

நன்கொடைப் பொருளை வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, ரசீதின் நகலை ஒட்டிவிடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக வாங்கினால் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்கும். நான் மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போனபோது இதன் அருமை தெரிந்தது. பதிவேட்டில் இருந்தவை சிக்கலில்லாமல் கைமாறின. என் வீட்டு டி.வி. பதிவேட்டில் இல்லாததால் அது பள்ளிக்கா எனக்கா என்று ஒரு பேச்சு கிளம்பி, கடைசியில் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு பீரோவில் வைத்ததால், புதிதாக வந்தவர் எனக்கு ஒருமுறைகூட ஃபோன் செய்யவில்லை. எல்லாக் கணக்குகளையும் பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். சொந்த மின்னஞ்சலில் தொடங்கினால் நீங்கள் போகும்போது பாடங்களும் உங்களோடு போய்விடும்.

கேமரா கையில் இருந்தால் பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் ஆசை வரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு தகப்பனார் என்னிடம் நேரிலேயே வந்து, "எங்கள் வீட்டுப் பெண் படம் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம் டீச்சர்" என்றார். அன்றிலிருந்து கைகளையும் நோட்டையும் மட்டும்தான் எடுக்கிறேன்.

இப்போது 30,000 ரூபாயோடு ஒருவர் வந்தால் நான் சொல்லும் கணக்கு இது. முதலில் எர்த், ஸ்டெபிலைசர். அடுத்து 43 அங்குல டி.வி., நகர்த்த முடியாதபடி சுவரில் உயரமாக, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அல்லாமல் பக்கச்சுவரில். எதிரே மாட்டினால் திரையில் ஜன்னல்தான் தெரியும். அந்த அளவு டி.வி.யில் கடைசிப் பிள்ளை மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். அறை நீளமென்றால் பிள்ளைகளை நகர்த்துங்கள். இருட்டு வேண்டாம், துணி வேண்டாம், காற்றும் தடைபடாது. ஒரு பென்டிரைவ் போதும், பெரும்பாலான டி.வி.கள் அதிலிருந்து படத்தையும் வீடியோவையும் திறக்கும், பி.டி.எஃப். திறக்காது, ஆகவே கதைப் பக்கங்களைப் படங்களாக மாற்றி ஏற்றுங்கள். புரொஜெக்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் கதவுள்ள ஜன்னல் இருக்கும் அறையைப் பாருங்கள். எதை வாங்கினாலும் பழுதுபார்க்கும் இடம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு விற்றவருடையது சென்னையில். திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ ஆள் வைத்திருப்பவரிடம் ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் போகிற வேலை மிச்சம்.